போபாலுக்குப் போன பீங்கான் கார்

"தொறக்காத."

நான் பானெட் மேல் கை வைக்கக்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கி நாலு எட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். செருப்புச் சத்தத்தை வைத்தே நான் வண்டியின் முன்பக்கம் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் எங்க தொறந்தேன்? எட்டித்தான் பாக்குறேன்."

"பாக்கவும் வாணாம். மூடியே கெடக்கட்டும். ஆறட்டும்."

ஆதிலாபாத்துக்கு முன்னாலா, தாண்டியா என்று இப்போது சரியாக நினைவில்லை. ரெண்டு பக்கமும் பருத்திக் கொல்லை. பறித்து முடித்துவிட்டார்கள். பறிக்காமல் விட்ட பஞ்சு காய்ந்த செடியில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. சாலையோரம் ஒரு வேலமரம். அதன் நிழல் ஒரு ஆள் உட்காரத்தான் காணும். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். பானெட் இடுக்கில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. காய்ந்த கிரீஸ் வாசனையும் என் புடவையின் வியர்வை வாசனையும் சேர்ந்து அடித்தது.

எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. சங்ககிரிப் பக்கத்து வண்டி. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்கக்கா, பானெட்டத் தூக்கி உட்டா சீக்கிரம் ஆறிப்போகுமுங்களே!"

நான் பதில் சொல்வதற்குள் மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"உன் வண்டிய நீ தொறந்து போட்டுக்கப்பா. என் வண்டி மூடித்தான் ஆறும்."

லாரிக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். 'உங்க பாடு கஷ்டந்தான்' என்கிற சிரிப்பு. போய்விட்டார். நான் வண்டியின் நிழலில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். வலது முழங்கால் தனியாக வலித்தது. விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பி எத்தனையாவது நாள் என்று எண்ணுவதை நான் அதற்கு முன்னமே விட்டுவிட்டிருந்தேன்.

போன வாரம் சூளைப் புகையைப் பற்றி எழுதியபோது போகிற போக்கில் 'எங்கள் பழைய கார்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அது என்ன கார், என்ன ஆயிற்று என்று கேட்டு வாசகர்கள் ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். அதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நினைத்தாலே இடுப்பு வலிக்கிற விஷயம் அது. சரி, எழுதிவிடுகிறேன்.

மூடி ஆறவிடுகிறவர்

என் வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்கு ரெண்டே ரெண்டு விஷயம் தெரியும். ஒன்று சூளை, இன்னொன்று அந்தக் கார்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கோப்பை, ஃபியூஸ் கட்டை, கொலுவுக்கு நாய், மான், யானை பொம்மைகள். மண்ணும் அச்சும் கூலியாட்களும் என் பொறுப்பு. சூளை அவர் பொறுப்பு.

சூளை விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். தீயை நிறுத்தியதும் வாயை மூடிவிட வேண்டும். தானாக ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு உள்ளே இருக்கிற அத்தனையும் விரிசல் விட்டுவிடும். கல்யாணமான புதிதில், ஆர்டர் கொடுத்த வியாபாரி வாசலில் வந்து நிற்கிறாரே என்று ஒருநாள் முன்னதாகத் திறந்தார். கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக 'டிக், டிக்' என்று சத்தம் போட்டதை நானும் கேட்டேன். மழை பிடிக்கும்போது தகரத்தில் முதல் தூறல் விழுமே, அந்த மாதிரி.

காரும் அப்படித்தான் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த வண்டி. நெய்வேலியில் வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர் ஊரைக் காலி செய்து போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். இவர் அதற்குப் பாலில் ஒரு சொட்டு டிகாஷன் விட்ட நிறத்தில் பெயின்ட் அடித்து, கோப்பையைத் துடைப்பது போலத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஊரில் அதற்குப் பெயரே பீங்கான் கார்.

ஒரு கத்திரி வெயிலில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் அது சூடேறி நின்றுவிட்டது. யாரோ பெண்பார்க்கப் போகிற அவசரத்தில் இவர் வண்டியைக் கேட்டிருந்தார்கள். அவசரம் இவரையும் தொற்றிக்கொண்டது. வயல் பம்புசெட்டில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைப் பிடித்து வந்து கொதிக்கிற இன்ஜினில் ஊற்றிவிட்டார். 'டிக்' என்று ஒரே சத்தம்.

இன்ஜினின் இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். சேத்தியாத்தோப்பு மெக்கானிக் ஒருவர் அதை வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஓடும், ஆனால் சூடு தாங்காது. "சூளையில செய்யமாட்டேன், வண்டியில செஞ்சிட்டேன்" என்று இவர் வருஷக்கணக்கில் புலம்பினார். அதிலிருந்து வண்டி சூடானால் பானெட்டைத் திறக்கவே விடமாட்டார். திறந்தால்தான் இன்ஜின் ஆறும் என்று ஊரே சொன்னது. ஊர் சொல்வதை அவர் என்றைக்குக் கேட்டார்?

மோதிரச் சத்தம்

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வியாபாரி சரக்கு எடுக்க வந்தால் ஜாடியையோ கோப்பையையோ உள்ளங்கையில் வைத்து, மோதிர விரலால் தட்டிக் காட்டுவோம். நல்ல சாமான் மணி மாதிரி பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். அடங்கினதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். விற்கிறவர்தான் தட்டிக் காட்டணும். வாங்க வந்தவர் தானாகத் தட்டிப் பார்த்தால் அது எங்களுக்கு அவமானம். 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

இந்தப் பழக்கத்தைக் காரிலும் காட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவானதும் முதலில் சிதம்பரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சுற்றிச் சுற்றி வந்து ஆசையாகப் பார்த்தார். இவர் போய் மட்கார்டைத் தட்டினார். "இங்க கேளுங்க சார், சத்தம் அடங்குது பாருங்க. நசுங்குன எடத்துல பூச்சு வச்சி மறைச்சிருக்குது." அடுத்து கதவு. அடுத்து கூரை. கடைசியில் பானெட்டைத் தூக்கி இன்ஜினையே தட்டி, "இதுதான் பெரிய குறை" என்று வெல்டிங் கோட்டைக் காட்டினார். டாக்டர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

அடுத்து வந்த புதுச்சேரி ஓட்டல்காரரும் அப்படியே போனார். சேலத்து நகைக்கடைக்காரர் பானெட் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

"ஏங்க, நீங்க வண்டிய விக்கிறீங்களா, வந்தவங்கள வெரட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

"கொறைய சொல்லாம குடுக்கச் சொல்றியா?"

"கேட்டா சொல்லுங்க. நீங்களா எதுக்குத் தட்டித் தட்டிக் காட்டுறீங்க? மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லிடுங்க."

அவர் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். இது நேர்மையா, இல்லை விற்க மனசில்லாத சாக்கா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

சைக்கிளில் வந்த பெண்

ஏன் விற்க வேண்டும் என்று சொல்லவில்லையே. காசுக்காக இல்லை.

சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறிவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேர் எதிரே இருப்பது புகை மூட்டமாகத்தான் தெரியும். வண்டியைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். இவர் தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் ஷெட் காலியாக இருந்தது.

நல்லூர் ரோடு அவருக்கு மனப்பாடம். பள்ளம், வேகத்தடை, வளைவு எல்லாம் காலுக்கே தெரியும் என்பார். சாவியை ஒளித்து வைத்தேன். சாவியே இல்லாமல் ஒயரைச் சேர்த்துக் கிளப்பினார். சண்டை போட்டேன், சாப்பாடு போட மாட்டேன் என்றேன், பட்டறையில் அத்தனை ஆட்கள் முன்னாலும் அழுதேன். ஒரு வாரம் அடங்கியிருப்பார், அப்புறம் மறுபடி.

ஒருநாள், 'தனியா போவ வாணாம், நானும் கூட வரேன்' என்று ஏறி உட்கார்ந்தேன். ஸ்ரீமுஷ்ணம் போகிற ரோடு, ஸ்கூல் விடுகிற நேரம். சீருடையில் ஒரு பெண், ரெட்டைச் சடை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறாள். எங்கள் வண்டி அவளை நோக்கிப் போகிறது. நிதானமாக, ஒழுங்காக, வேகம் குறையாமல் போகிறது. நான் அலறிவிட்டேன். அவர் பிரேக்கை மிதித்தார். சைக்கிள் சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையுமோ என்னவோ.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அழக்கூட இல்லை.

"என்னா? என்னா ஆச்சி?" என்று அவர் கேட்டார். அந்த நிமிஷம் வரை அவருக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே சொன்னார், வித்துடலாம் என்று. ஆனால் வந்தவர்களையெல்லாம் அவரே தட்டித் தட்டி அனுப்பினார். கார் ஷெட்டில் நிற்கிற வரைக்கும் அது ஒருநாள் வெளியே போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முகம் ராத்திரியில் வந்து என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழ் தெரியாத ஆள் வேண்டும்

நான் புதுச்சேரியிலிருந்த கார் புரோக்கரிடம் போனேன். பழைய வண்டிகளை வடக்கே அனுப்புகிறவர். "தம்பி, தமிழ் தெரியாத ஆளா பாரு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"அவரு பேசறது புரியக்கூடாது."

புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பார்த்துக் கொடுத்தார். போபாலில் ஒருவர், பழைய கார்களை வாங்கி ஷெட் நிறைய நிறுத்தி வைத்திருப்பவர். போட்டோ பார்த்தே சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. லாரியில் ஏற்றி அனுப்பினால் வாங்க மாட்டார். வண்டி தன் சக்கரத்தில் ஓடி வந்து அவர் வாசலில் நிற்க வேண்டும். அப்போதுதான் அது உயிருள்ள வண்டி என்று நம்புவாராம்.

ஓட்ட ஒரு டிரைவரை வரச் சொன்னேன். நல்ல பையன், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். கடலூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போனான். கியரை அவன் கரகரவென்று மாற்றின சத்தத்தில் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும், "எறங்குப்பா" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஓட்டு" என்றார்.

அவர் கண் மங்க ஆரம்பித்தபோதே நான் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் என் ஓட்டம் பஸ் ஸ்டாண்டு, பாலக்கரை, பட்டறை, அவ்வளவுதான். போபால் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எங்கள் மகனின் பழைய பள்ளிக்கூட மேப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"வேற ஆளு ஓட்டுனா எடம் போயி சேராது. நீ ஓட்டுனா சேரும்."

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தி அவர் வாயிலிருந்து நான் கேட்ட பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் வேலை வாங்குவதற்காகச் சொன்னது.

டிக்கியில் வைக்கோல்

காலியாக ஒரு வண்டியை அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இவர் டிக்கியில் வைக்கோலைப் பரப்பி, நாய் பொம்மைகளையும் ரெண்டு ஊறுகாய் ஜாடிகளையும் அதற்குள் புதைத்துக் கொண்டுவந்தார். வழியில் உதவி செய்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை.

ஏதோ ஒரு செக்போஸ்டில் வைக்கோலைப் பார்த்ததும் போலீஸ்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் லத்தியை வைத்துக் கிளறினார். "மொள்ள! மொள்ள!" என்று இவர் தமிழில் கத்தினார். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை நாய் தலையை நீட்டியது. அவர்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. நான் நிம்மதியாக அதை எடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜாடையில் நீட்டினேன். இவர் வெடுக்கென்று அதைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தார். 'டொக்.' லத்தி பட்டதில் கீறல் விழுந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, வைக்கோலைத் துழாவி வேறொரு நாயை எடுத்து, அவர்கள் காதுக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

சும்மா கொடுக்கிற பொம்மைக்கே இந்தப் பாடு என்றால், போபாலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பாஷை தெரியாவிட்டால் என்ன? மோதிரத்துக்கு பாஷை எதற்கு?

நாலு வழிச் சாலை போடுகிறோம் என்று நாடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பத்து மைல் நல்ல ரோடு, அப்புறம் ஒரு அம்புக்குறி, கீழே இறங்கினால் செம்மண் புழுதி. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரியும். காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானம் கண்ணிமையில் மண் படிந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை ரெண்டும் மரத்துப்போயின. எந்த ஊர் லாட்ஜிலும் எனக்கு ஒரே கனவு. படுத்திருக்கிறேன், கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் அவர் கால் வேறு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லாரி ஹாரன் கேட்டால் மிதிப்பார், நான் கியர் மாற்றத் தாமதித்தால் மிதிப்பார். கர்நூல் போய்ச் சேருவதற்குள் அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு பள்ளமாகிவிட்டது.

"கால வச்சிக்கிட்டு சும்மா இருங்களேன்."

"நான் எங்க மிதிச்சேன்?"

தினமும் எங்கேயாவது ஓரிடத்தில் வண்டி சூடேறி நிற்கும். மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் ஆறும். எங்களுக்கு அரை நாள். நாலைந்து நாளில் முடியும் என்று புரோக்கர் சொன்ன பயணம் இப்படித்தான் நீண்டுகொண்டே போயிற்று.

மறுபடியும் வேலமரத்தடி

ஆதிலாபாத் பருத்திக் கொல்லைக்கு வருகிறேன். ஆவி அடங்கிவிட்டது. இன்ஜின் இன்னும் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாட்டர் பாட்டிலில் இருந்த தண்ணீர் காப்பிச் சூட்டில் இருந்தது. அதைக் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"தனம்," என்றார்.

"என்னா?"

"தமிழ் தெரியாதவனா பாத்து தேடிப் புடிச்சியாமே. புரோக்கர் சொன்னான்."

அந்தப் புரோக்கரை மனசுக்குள் திட்டினேன். மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. "ஆமாங்க" என்றேன். "நீங்க தட்டித் தட்டி வெரட்டுவீங்க. இந்த வண்டி திரும்பி நம்ம வூட்டுக்கு வரும். நீங்க மறுபடி எடுத்துக்கிட்டுப் போவீங்க. எனக்கு பயமா இருக்குது. உங்கள நெனச்சிகூட இல்ல. அந்தப் பொண்ண நெனச்சா."

அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நான் அவள பாக்கவே இல்ல தனம்" என்றார். "பாத்து, பயந்து, பிரேக் போட்டிருந்தா பரவால்ல. நீ கத்துன. அதனால மிதிச்சேன். அங்க ஒரு புள்ள நிக்குதுன்னே எனக்குத் தெரியல. ரோடு காலியா இருந்துது. எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சிது."

அவர் அழுகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழுதிருப்பேன். மிச்ச தூரத்தை அப்புறம் யார் ஓட்டுவது?

வெயில் சாய்ந்த பிறகு அவராகவே எழுந்து, பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "எடு" என்றார்.

போபால்

பேதுல் மலைப்பாதையில் பட்டதையெல்லாம் எழுதினால் இன்னொரு அத்தியாயம் ஆகும், விடுங்கள். ஒரு பகல்பொழுதில், ரெண்டு ஏரிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு, அந்த வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓடித்தான் வந்தது.

போபால்காரர் குள்ளமாக, வெள்ளைப் பைஜாமாவில், கையில் எண்ணெய்க் கறையோடு வந்தார். என் வயசுதான் இருக்கும். ஓட்டி வந்தது நான் என்று புரிந்ததும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பின்னால் பெரிய தகர ஷெட், அதில் வரிசையாகப் பழைய கார்கள். வண்டி ஆறும்வரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இந்தியில் என்னவோ கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். மோதிர விரலை மடக்கினார்.

இவ்வளவு தூரம், இவ்வளவு புழுதி. வேண்டாம் என்று சொல்லக்கூட வாயில் தெம்பில்லை.

வலப்பக்க மட்கார்டில் ஆரம்பித்தார். ணங். ணங். டொக். நின்று, அந்த இடத்தை விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். போபால்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு, டொக். கூரை, ணங். பின் மட்கார்டு, டொக். சேத்தியாத்தோப்பு பூச்சு, விருத்தாசலத்துப் பூச்சு, மணிமுத்தாறு பாலத்துச் சுவரில் உரசிய பூச்சு என்று ஒன்று விடவில்லை. போபால்காரர் கூடவே நடந்தார். சுற்றி முடித்து ரெண்டு பேரும் முன்பக்கம் வந்தார்கள். போபால்காரரே பானெட்டைத் தூக்கினார்.

என் வீட்டுக்காரர் கையை உள்ளே நீட்டினார். அந்தக் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இடப்பக்கம், கீழே, வெல்டிங் கோடு. ரெண்டு பேருக்குக் காட்டிய கை அது.

கை பாதியில் நின்றது. இன்ஜினுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அதைப் பின்னுக்கு இழுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லா இருக்குது" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

நான் கேட்டது நடந்துவிட்டது. கார் விற்றுப்போய்விடும். ஷெட் காலியாகிவிடும். ரெட்டைச் சடைப் பெண்கள் எல்லோரும் நிம்மதியாக ரோட்டைக் கடக்கலாம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

என்னால் தாங்க முடியவில்லை. கீறல் விழுந்த ஒரு கோப்பையை நல்லது என்று சொல்லி அவர் விற்று நான் பார்த்ததில்லை. சோறு இல்லாத நாளிலும் பார்த்ததில்லை. எனக்காக, என் பயத்துக்காக, கண் போன காலத்தில் அதையும் செய்கிறார். வண்டியைக் கொடுக்கலாம். இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேனா நான்?

போய் நின்றேன். குனிந்தேன். என் விரலில் மோதிரம் இல்லை, ஸ்டீயரிங் பிடிக்க வசதியாகக் கழற்றி வைத்திருந்தேன். வளையலைக் கழற்றி, அதன் விளிம்பால் வெல்டிங் கோட்டின் மேல் தட்டினேன். டொக். இன்னொரு தடவை. டொக்.

"ஏ!" என்றார் அவர்.

"சும்மா இருங்க" என்றேன்.

போபால்காரர் டார்ச் எடுத்து வந்து பார்த்தார். கோடு நெடுக விரலை ஓட்டினார். பாக்கெட்டிலிருந்து சாவி ஒன்றை எடுத்து, தானே தட்டிப் பார்க்கப் போனார். என் வீட்டுக்காரருக்கு அது மங்கலாகத் தெரிந்ததோ, சாவிச் சத்தம்தான் கேட்டதோ, முகம் சுருங்கியது. போபால்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நீல நிறத்தில் ஒரு பெரிய கார். அதன் பானெட்டைத் தூக்கி, இவர் விரலை எடுத்து உள்ளே ஓரிடத்தில் வைத்தார். இவர் தடவினார். எங்களுடையதைப் போல ரெண்டு பங்கு நீளத்துக்கு ஒரு வெல்டிங் கோடு. போபால்காரர் தன் மோதிர விரலை மடக்கி, அதைத் தட்டிக் காட்டினார்.

டொக்.

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஷெட் வாசலில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பயணத்தில் முதல் தடவையாக, அழுது தீர்த்தேன்.

ரயிலில்

டிக்கியில் மிச்சமிருந்த பொம்மைகளை வைக்கோலோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது ரயிலில் அவருக்குக் கீழ் பெர்த், எனக்கு நடு பெர்த். நாக்பூர் தாண்டியதும் கீழேயிருந்து கேட்டார்.

"நீ எதுக்குத் தட்டுன?"

"நீங்க எதுக்குத் தட்டாம வுட்டீங்க?"

கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டைச் சத்தம் கேட்டது. ஊர் வந்து சேரும்வரை பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் வந்தோம்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தெரிந்த ஆட்டோக்காரர். "எங்க முதலாளி, காரு?" என்றார். "குடுத்தாச்சி" என்றார் இவர்.

ஸ்கூல் விடுகிற நேரம். கடைத்தெரு திரும்பும் இடத்தில் பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடந்தார்கள். ஆட்டோ வேகம் குறையாமல் போய், கடைசியில்தான் நின்றது. நான் அவர் காலைப் பார்த்தேன். ரெண்டு காலும் செருப்பைக் கழற்றிவிட்டு, மடக்கி, சும்மா இருந்தன.

என் கால்தான் ஆட்டோவின் தகரத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.